வில்லனுக்கு முதலாளி யார்? – பகுதி 2



போன பொங்கல் மலரில் 'வில்லனுக்கு முதலாளி யார்? – பகுதி 1' என்று நான் எழுதியிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். படிக்காதவர்கள் மேல் தப்பில்லை. ஒட்டிய நாலாம் நாளே அதில் பாதி கிழிந்துபோனது. "பகுதி 2 எங்கடா?" என்று சிலர் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இதோ பகுதி 2. ஆனால் அன்றைக்கு நான் எழுத நினைத்திருந்த பகுதி 2 இது இல்லை. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. மணி அடித்துவிட்டால் மீதியை மதிய இடைவேளையில் வந்து படியுங்கள். கடைசிவரை படிக்காமல் மட்டும் போய்விடாதீர்கள். முக்கியமான விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

முதலில் கதை தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன முன்சுருக்கம்.

எங்க அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் எங்க வீட்டில் இருக்கிறது. சார்ஜ் ஒயரைப் பிடுங்கினால் ஐந்தே நிமிஷத்தில் அணைந்துவிடும். 2024 நவம்பரில் 'ஹாஃப் லைஃப் 2' என்ற விளையாட்டு வெளிவந்து 20 வருஷம் ஆனதற்காக அந்தக் கம்பெனி சில நாட்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தது. அதற்கு முந்தின வருஷம் முதல் பாகத்தையும் அப்படித்தான் கொடுத்தார்கள். சித்தப்பா மகன், சென்னையில் வேலை பார்க்கிற எங்க அண்ணன், இரண்டையும் வாங்கி வைத்திருந்தார். லீவுக்கு வந்தபோது எனக்குப் போட்டுக் கொடுத்தார். "நாங்க காலேஜ் படிக்கிறப்ப பிரௌசிங் சென்டர்ல கவுன்டர் ஸ்ட்ரைக் ஆடுவோம்டா. அதுக்கு அம்மா இதுதான்" என்றார். உண்மைதான். ஹாஃப் லைஃப்பை மாற்றித்தான் இரண்டு பேர் 1999-ல் கவுன்டர் ஸ்ட்ரைக் செய்தார்கள்.

ஹாஃப் லைஃப் 1998 நவம்பரில் வந்தது. வால்வ் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்தது. கார்டன் ஃப்ரீமேன் என்று ஒரு இயற்பியல் விஞ்ஞானி. பாலைவனத்துக்கு அடியில் பிளாக் மேசா என்று ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடம். ஒரு நாள் காலையில் ஒரு விசித்திரமான படிகத்தை இயந்திரத்துக்குள் தள்ளச் சொல்கிறார்கள். தள்ளுகிறார். வெடிக்கிறது. வேறு உலகத்தின் கதவு திறந்து பூதம் பூதமாக வந்து இறங்குகிறது. கார்டன் நாம்தான். அவர் விளையாட்டு முழுக்க ஒரு வார்த்தை பேச மாட்டார். (எங்க கிளாஸ் லீடர் மாதிரி இல்லை.)

இந்தக் களேபரத்துக்கு நடுவில் ஒரு ஆள் வருவான். கோட்டு சூட்டு, டை, கையில் ஒரு பெட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பான். மேல்மாடியில் டையைச் சரிசெய்துகொண்டு நம்மைப் பார்ப்பான். நாம் ஓடிப்போய்ப் பார்த்தால் இருக்க மாட்டான். பூதமும் அவனைத் தொடாது, பட்டாளமும் சுடாது. அவனுக்குப் பெயரும் கிடையாது. கம்ப்யூட்டரில் அவன் உருவம் இருக்கிற கோப்புக்கு 'ஜிமேன்' என்று பெயர் வைத்திருந்ததால் ஆடுகிறவர்கள் எல்லாரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

கடைசியில்தான் அவன் நம்மிடம் பேசுவான். வார்த்தைகளை இழுத்து இழுத்து, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திப் பேசுவான். உன்னைப் பற்றி என் முதலாளிகளிடம் நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் உனக்கு வேலை கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள் என்கிற மாதிரி சொல்வான். ஒத்துக்கொண்டால் தூங்க வைத்துவிடுவான். மாட்டேன் என்றால் கையில் ஒரு ஆயுதமும் இல்லாமல் பூதக் கூட்டத்துக்கு நடுவில் விட்டுவிடுவான்.

எனக்கு ஆங்கிலம் சுமார்தான். 'எம்ப்ளாயர்ஸ்' என்ற வார்த்தையை அகராதியில் பார்த்தேன். எம்ப்ளாயி என்றால் வேலைக்காரர், எம்ப்ளாயர் என்றால் வேலை கொடுப்பவர். பின்னால் 'ஸ்' இருப்பதால் பன்மை. அப்படியானால் அவனுக்கு மேலே ஒருத்தர் இல்லை, பல பேர் இருக்கிறார்கள்! இந்த 'ஸ்' என்னைப் பிடித்துக்கொண்டது. கரும்பு ஆலைச் சங்கு ஊதியும் எழுந்திருக்காத நான், அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

இதே கேள்வியில் என்னைப் போலவே மாட்டிக்கொண்டவன் என் நண்பன். அவன் பெயரை எழுத வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டதால் 'சைக்கிள்காரன்' என்று வைத்துக்கொள்வோம். தினமும் சாயங்காலம் ஆற்றுப்பாலத்துக்குப் போவோம். சாத்தனூர் பக்கமிருந்து வருகிற தென்பெண்ணையில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்க பேச்சு மட்டும் வற்றாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஜிமேனின் முதலாளி யார் என்று உலகம் முழுக்க விளையாட்டுப் பிரியர்கள் என்னென்ன ஊகம் சொல்லியிருக்கிறார்கள் என்று அவன் ஒரு பக்கம் தேடுவான், நான் ஒரு பக்கம் தேடுவேன்.

அந்த ஊகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஊகம் ஒன்று: முதலாளி 'கம்பைன்'. இரண்டாம் பாகத்தில் பூமியைப் பிடித்து அடிமையாக்கி வைத்திருக்கிற வேற்றுலக சாம்ராஜ்யம் இது. அதற்காகத்தான் ஜிமேன் கதவைத் திறந்துவிட்டான் என்பார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 2020 மார்ச்சில் வந்த 'ஹாஃப் லைஃப் அலிக்ஸ்' கதையில் கம்பைன்காரர்களே அவனைப் பிடித்துப் பெரிய சிறைக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். முதலாளி எதற்கு வேலைக்காரனை ஆகாயத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும்? அதனால் இந்த ஊகம் பலவீனமாகிவிட்டது. (அதை ஆடத் தலையில் மாட்டுகிற கருவி வேண்டும். நாங்கள் அண்ணன் போனில் வீடியோவாகத்தான் பார்த்தோம்.)

ஊகம் இரண்டு: ஜிமேன் என்பவன் வருங்காலத்து கார்டன் ஃப்ரீமேனே. காலப்பயணம் செய்து தன்னைத் தானே நடத்துகிறான். இதை மறுக்கவே முடியாது. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஊகம் மூன்று: கம்பைனுக்கு எதிராக அதே அளவு பலம் கொண்ட வேறொரு கூட்டம் இருக்கிறது, அவன் அவர்களுடைய ஏஜென்ட். இதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. அலிக்ஸ் என்ற அந்தப் பெண் அவனைச் சிறையிலிருந்து விடுவித்து, பூமியை விட்டுக் கம்பைனைத் துரத்து என்று கேட்கிறாள். அது என் முதலாளிகளின் நலனுக்கு ஒத்துவராத பெரிய காரியம் என்கிற அர்த்தத்தில் மறுத்துவிடுகிறான். ஆக அவனுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. 2007-ல் வந்த இரண்டாவது எபிசோடிலும், சில கட்டுப்பாடுகளுக்கு நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன் என்று அவனே சொல்கிறான்.

ஊகம் நான்கு: முதலாளி நாம்தான். அதாவது ஆடுகிறவர்கள். விளையாட்டை நிறுத்தினால் காலம் நிற்கிறது, திரும்பத் தொடங்கினால் ஓடுகிறது. இது சைக்கிள்காரனுக்கு ரொம்பப் பிடித்தது.

ஐந்தாவது ஊகத்தை நான் வேறு எங்கேயும் படிக்கவில்லை. அவனே ஒரு நாள் பாலத்துக் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான். "ஏன்டா, முதலாளின்னு ஒருத்தருமே இல்லைன்னா? ரேஷன் கடையில 'மேல இருந்து இன்னும் சரக்கு வரலை'ன்னு சொல்றாங்கல்ல, அந்த மாதிரி. தான் செய்றத தான் செய்யலன்னு காட்டிக்க 'மேலிடம், மேலிடம்'ங்கறான். அவ்ளோதான்."

நான் சிரித்தேன். "போடா. முதலாளி இல்லாத வில்லன் எங்கயாவது இருக்கானா?" என்றேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் எனக்கு அப்படித்தான் பழக்கம். 'மாஸ் எஃபெக்ட்' என்று 2007-ல் ஒரு விண்வெளி விளையாட்டு வந்தது. அதில் சாரன் என்ற வில்லன் ஒரு பெரிய கப்பலில் வருவான். கடைசியில் பார்த்தால் அந்தக் கப்பலுக்கே உயிர் இருக்கிறது, அதுதான் அவனுக்கு எஜமான்! 2022-ல் வந்த விக்ரம் படத்தில் சந்தனத்துக்கு மேலே ரோலக்ஸ் என்று ஒருத்தர் கடைசிச் சில நிமிஷம் வந்ததற்கே தியேட்டரில் விசில் தாங்க முடியவில்லை. ரோலக்ஸுக்கு மேலே யார் என்று எங்க கிளாஸில் மூன்று கட்சி இருக்கிறது. நம்ம நூலகத்தில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த கதை. நாட்டையே ஆள்கிற ஜீவா என்ற தலைவர், ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. ஜீவா உண்மையில் யார் என்பதுதான் கதையின் முடிச்சு. நான் சொல்ல மாட்டேன், எடுத்துப் படியுங்கள். இப்படியே பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் பின்னால் ஒரு கை இருக்கும் என்று தேடுகிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

ஒரு நாள் நாங்கள் வகுப்பில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததை வரலாறு ஐயா கேட்டுவிட்டார். திட்டுவார் என்று பயந்தோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நீங்க 25 வருஷமா தேடுறீங்க. நாங்க ஆயிரம் வருஷமா தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

அவர் சொன்னது ஆதித்த கரிகாலன் கொலை. சுந்தர சோழரின் மூத்த மகன், ராஜராஜனுக்கு அண்ணன். பட்டத்துக்கு வரவேண்டியவன் கொல்லப்பட்டான். காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலில் ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் பெயரை அது சொல்கிறது. அவர்கள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் சொத்து பற்றிச் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேஸ்வரனுக்கு இருமுடிசோழ பிரமாதிராசன் என்றும் பட்டம் இருந்திருக்கிறது. அரசாங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர்கள் என்று இதிலிருந்து தெரிகிறது.

"சரிங்கய்யா, அவங்களை ஏவிவிட்டது யாரு?" என்று சைக்கிள்காரன் கேட்டான்.

"கல்வெட்டு அதைச் சொல்லலை. ஏன் கொன்னாங்கன்னும் சொல்லலை" என்றார் ஐயா. "நீலகண்ட சாஸ்திரி மாதிரி பெரிய அறிஞர் உத்தம சோழன் மேல சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒத்துக்கலை. கல்கி 1950-ல இருந்து பொன்னியின் செல்வன் எழுதினப்ப நந்தினின்னு ஒரு பாத்திரத்தைப் படைச்சார். 2022-லயும் 2023-லயும் படமா வந்தப்ப நீங்கள்லாம் விசில் அடிச்சுப் பாத்தீங்க. கதை எழுதறவருக்கு ஊகிக்க உரிமை உண்டு. ஆனா வரலாறு எழுதறவன் ரெண்டு கலர் பேனா வெச்சிக்கணும். கல்லுல இருக்கறத நீலத்துல எழுது. நீயா நினைக்கறத சிவப்புல எழுது. எழுதி முடிச்சிட்டு நீலம் எவ்வளவு, சிவப்பு எவ்வளவுன்னு பாரு."

எங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ரஃப் நோட்டில் நடுவில் கோடு போட்டு, ஜிமேன் பற்றி நீலம் ஒரு பக்கம், சிவப்பு ஒரு பக்கம் எழுதினோம். பன்மையில் 'முதலாளிகள்' என்று சொன்னது நீலம். கட்டுப்பாடு இருக்கிறது என்றது நீலம். கம்பைன் அவனைச் சிறைப்பிடித்தது நீலம். மீதி எல்லாம் சிவப்பு. இன்னொரு விஷயமும் கண்டுபிடித்தோம். காலப்பயண ஊகத்துக்கு எதிராக எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் "அதையும் அவன்தான் வருங்காலத்துலருந்து வந்து அப்படி மாத்திட்டான்" என்று சொல்லிவிடலாம். எதைக் காட்டியும் தப்பு என்று சொல்ல முடியாத ஊகம் பலமான ஊகம் இல்லை, அதுதான் ரொம்ப ஆபத்தானது என்று ஐயா சொன்னார். இதையெல்லாம் வைத்துத்தான் பொங்கல் மலரில் பகுதி 1 எழுதினேன். சைக்கிள்காரனும் 'முதலாளி நாம்தான்' என்று ஒன்று எழுதிக் கொடுத்தான். இடம் போதவில்லை என்று அவனுடையதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

நூலகத்துக்கு வெளியில் இருக்கிற பலகையில் பொங்கல் மலர் ஒட்டிய நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், வலதுபக்கக் கீழ்மூலை முழுசாகக் கிழிந்திருந்தது. என் கட்டுரையில் பாதி காணோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நாள் உழைப்பு. முதல் நாள் சாயங்காலம் ஏழாம் வகுப்புத் தம்பி ஒருத்தன் தாளைச் சுருட்டிக்கொண்டு போனதைப் பார்த்ததாக ஒரு பையன் சொன்னான். நான் ஏழாம் வகுப்புக்குப் போய் அவனைப் பிடித்தேன். "ஏன்டா கிழிச்ச?" அவன் வாயே திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் ஓடியது. "யார்றா சொன்னது? சொல்லு, உன்ன விட்டுடறேன்" என்றேன். அதற்கும் பதில் இல்லை.

அப்போது என் மூளை வேலை செய்தது. (செய்யாமல் இருந்திருக்கலாம்.) இந்தத் தம்பிக்கும் எனக்கும் பழக்கமே இல்லை. இவனுக்கு என் கட்டுரையைக் கிழிக்க என்ன காரணம்? அப்படியானால் இவன் வெறும் கை. ஏவியவர் வேறு ஒருத்தர். யார்? யாருடைய கட்டுரை இந்த இதழில் வராமல் போனது? யார் என்னிடம் வாதத்தில் தோற்றது? முந்தின நாள் இந்தத் தம்பிக்குக் கடையில் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தது யார்? அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனது யார்? நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேனே!

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். கட்டுரை கிழிந்த வருத்தத்தைவிட, முதலாளியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் பெரிதாக இருந்தது.

முதல் பீரியடுக்கு முன்னால் வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "கிழிச்சது அந்தப் பொடியன். கிழிக்கச் சொன்னது இவன்!" என்று சைக்கிள்காரனைக் காட்டினேன். ஒவ்வொரு ஆதாரமாக விரல்விட்டுச் சொன்னேன். நான் நன்றாகப் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

அவன் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நீ பாத்தியா?"

"பாக்கத் தேவையில்ல. எல்லாம் பொருந்துது" என்றேன்.

அவன் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் என்னிடம் பேசவில்லை. மற்றவர்கள் அவனை 'ஜிமேன்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவன் வந்தால் "முதலாளி வர்றாரு" என்று கிண்டல் செய்தார்கள். மதியம் எங்களோடு சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டு தனியாக வேப்பமரத்தடியில் சாப்பிட்டான். இந்தச் சுவர் இதழை எழுதுகிற அழகான கையெழுத்து அவனுடையதுதான். அதிலிருந்தும் விலகிவிட்டான். பிப்ரவரி இதழ் கோழி கிளறின மாதிரி இருந்ததே, அது என் கையெழுத்து. அந்தத் தம்பி என்னைக் கண்டால் கழிவறைப் பக்கம் ஓடி ஒளிவான். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து வாரம்.

ஒரு திங்கட்கிழமை தமிழ் மிஸ் என்னைச் சாக்பீஸ் பெட்டி எடுத்துவரச் சொல்லி அலுவலக அறைக்கு அனுப்பினார். அங்கே வேட்டி கட்டிய ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பையனுக்குச் சான்றிதழ் விஷயமாக வந்திருக்கிறார். அந்த ஏழாம் வகுப்புத் தம்பியின் அப்பா. தம்பி இங்கே அத்தை வீட்டில் தங்கிப் படிக்கிறான். அவர் மஞ்சள் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, அதற்குள்ளிருந்து நாலாக மடித்த ஒரு தாளை விரித்து, அங்கிருந்த மிஸ்ஸிடம் காட்டினார்.

"இது எம் பையன் வரைஞ்சதுங்களாம்மா? இஸ்கூல்ல எல்லாரும் பாக்கற மாதிரி ஒட்டி வெச்சிருந்தாங்கன்னான். அவங்க ஆயா நம்ப மாட்டேங்குது. உங்ககிட்டயே கேட்டுட்டு வந்து சொல்றேன்னு எடுத்தாந்தேன்."

அது எங்கள் பொங்கல் மலரின் வலதுபக்கக் கீழ்மூலை. ஒரு மலை, ஒரு ஓட்டு வீடு, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடுக்காய் மரம், வாசலில் சாமை புடைக்கிற ஒரு ஆயா. கீழே தம்பியின் பெயரும் வகுப்பும். அந்த ஓவியத்தின் இடதுபக்கத்தில் என் கட்டுரையின் வரிகள் பாதிப் பாதியாக ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் படித்திருக்கவே மாட்டார்கள்.

மிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அவரிடம், "ஆமாங்கய்யா, உங்க பையன் வரைஞ்சதுதான். ரொம்ப நல்லா வரையறான்" என்றார். தாள் கிழித்து எடுக்கப்பட்டது என்று சொல்லவில்லை. அவர் அதை மறுபடியும் நாலாக மடித்து, கவருக்குள் வைத்து, பைக்குள் வைத்தார். நான் சாக்பீஸ் பெட்டியை எடுக்காமலே வந்துவிட்டேன்.

யாரும் ஏவவில்லை. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிற பையன், மலையிலிருந்து இறங்கி வரமுடியாத தன் ஆயாவுக்குக் காட்ட, தான் வரைந்த படத்தை எடுத்துப் போயிருக்கிறான். கேட்டால் தரமாட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். நான் மிரட்டியபோது, படத்தைத் திரும்பக் கேட்பேன் என்று பயந்துதான் வாயைத் திறக்கவில்லை. என் கட்டுரை அவன் கணக்கிலேயே இல்லை!

அப்படியானால் தேன்மிட்டாய்? சைக்கிள் சவாரி? தம்பியிடம் அன்றைக்குச் சாயங்காலம் தன்மையாகக் கேட்டேன். "அரவை நேரத்துல கரும்பு டிராக்டரா வருதுண்ணா. எனக்கு ரோட்டத் தாண்டப் பயம். அந்த அண்ணன்தான் தினமும் ஆலைகிட்ட அத்தை வீடு வரைக்கும் ஏத்திக்கிட்டுப் போவாரு" என்றான். தினமும்! நான் ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு அதைச் சதி என்று எழுதிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ரஃப் நோட்டை எடுத்து நடுவில் கோடு போட்டேன். நீலப் பேனாவில் எழுத எனக்கு ஒரே வரிதான் இருந்தது: 'ஒரு தம்பி தாளைச் சுருட்டிக்கொண்டு போனதை ஒருவன் பார்த்தான்.' அதுகூட நான் பார்த்தது இல்லை. மீதி ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு. ஜிமேனுக்குக் காட்டிய கவனத்தை நான் என் நண்பனுக்குக் காட்டவில்லை. இல்லாத ஒரு பொம்மை ஆளுக்கு ஆதாரம் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஆதாரம் கேட்கவில்லை. அந்தப் பையன் அழுததைக்கூட "யாருக்கோ பயப்படுகிறான்" என்று எனக்குச் சாதகமாகத்தான் எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்தாலும் ஆதாரம், மூடினாலும் ஆதாரம். எதைக் காட்டியும் தப்பு என்று சொல்ல முடியாத ஊகம் என்று ஐயா சொன்னாரே, அதை நானே செய்திருக்கிறேன்.

ஹாஃப் லைஃப் கதையை எழுதியவர்களில் முக்கியமானவர் மார்க் லெய்ட்லா. கம்பெனியை விட்டு விலகிய பிறகு 2017-ல் அடுத்த கதை எப்படிப் போயிருக்கலாம் என்று ஒரு கடிதம் மாதிரி எழுதி வெளியிட்டார். அதிலும் முதலாளி யார் என்ற விடை இல்லை. எபிசோட் 2 வந்தது 2007-ல், அலிக்ஸ் வந்தது 2020-ல். நடுவில் 13 வருஷம். அந்தக் காலியிடத்தில்தான் இத்தனை ஊகமும் முளைத்தது. காலியிடம் இருந்தால் மனசு சும்மா இருக்காது, எதையாவது போட்டு நிரப்பிவிடும். விளையாட்டில் நிரப்பினால் யாருக்கும் நஷ்டம் இல்லை, ஜாலிதான். நான் நிரப்பினது ஒரு ஆளின் பெயரை வைத்து. அவனுக்கு அது ஐந்து வாரம்.

மறுநாள் வேப்பமரத்தடிக்குப் போனேன். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோனது. "தப்பு என்மேலதான்டா" என்றேன். அவன் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னான்: "எங்கிட்ட தனியா வந்து சொல்ற. அன்னிக்கு கிளாஸ் முன்னாடில்ல சொன்ன?"

நியாயம்தானே! அதனால்தான் பொறுப்பாசிரியரிடம் அனுமதி வாங்கி, அதே பலகையில், அதே மூலையில் இதை எழுதுகிறேன்.

நண்பர்களே! பொங்கல் மலரைக் கிழிக்கச் சொல்லி யாரும் யாரையும் ஏவவில்லை. நான் சொன்னது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, ஆனால் விசாரிக்காமல் சொன்னது. அவனை 'ஜிமேன்', 'முதலாளி' என்று கூப்பிடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். என்னை வேண்டுமானால் கூப்பிடுங்கள். ஏழாம் வகுப்புத் தம்பியிடமும் இதே பலகை முன்னால் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவனுடைய அடுத்த ஓவியத்துக்கு இந்த இதழில் கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இதழ் முடிந்ததும் ஓவியத்தை வரைந்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். யாரும் கிழிக்க வேண்டியதில்லை, கேட்டாலே போதும்.

யார் சொன்னாலும் உண்மை எது என்று பார்க்கச் சொல்கிற குறள் ஒன்று உண்டு. 423-வது குறள். மனப்பாடப் பகுதியில் ஒப்பித்து முழு மார்க் வாங்கியவன் நான். யார் யாரோ சொல்வதைத்தான் ஆராய வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் மூளை எனக்குச் சொல்வதையும் சேர்த்துத்தான் ஆராய வேண்டும் என்று இப்போதுதான் புரிகிறது.

சரி, ஜிமேனின் முதலாளி யார்? என் நீலப் பேனாவில் இருப்பது இவ்வளவுதான்: ஒருத்தருக்கு மேல் இருப்பதாக அவன் சொல்கிறான், அவனுக்குக் கட்டுப்பாடு இருப்பதாகச் சொல்கிறான், கம்பைன் அவனுக்குப் பகை. ஆனால் 'சொல்கிறான்' என்பதைக் கவனித்தீர்களா? அவன் வாய்ச்சொல்லைத் தவிர முதலாளி இருப்பதற்கு வேறு சாட்சி இல்லை. அதனால் முதலாளியே இல்லை என்ற சைக்கிள்காரனின் ஐந்தாவது ஊகத்தை என்னால் மறுக்க முடியவில்லை. அன்றைக்குச் சிரித்ததற்கும் சேர்த்து மன்னிப்பு.

அவன் இன்னும் என்னோடு பாலத்துக்கு வர ஆரம்பிக்கவில்லை. ஆனால் நேற்று இந்தக் கட்டுரையை ரஃப் நோட்டில் எழுதி டெஸ்க் மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், மூன்று இடத்தில் ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையில் திருத்தியிருந்தது. கடைசிப் பக்கத்தில், "உன் கோழிக் கிறுக்கல்ல எழுதினா ஒருத்தனும் படிக்க மாட்டான். சார்ட் பேப்பரை எங்கிட்ட குடு" என்று எழுதியிருந்தது.

இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இந்தக் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.



– பதினொன்றாம் வகுப்பு மாணவன்,
மூங்கில்துறைப்பட்டு.